பக்கத்து இருக்கையின் வெப்பநிலை

பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கிய கணவர், பின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்தபடி சொன்னார்: "கதவைச் சாத்தும்மா. குளிரெல்லாம் போகுது பாரு."

அவள் பக்கத்து இருக்கையில் இருந்தாள். கதவை அகலத் திறந்துவைத்து, ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு, மருந்துக் கம்பெனி கொடுத்த காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"குளிர்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு நீங்கதானே பாடம் எடுப்பீங்க. வெப்பம்தான் உள்ள வரும், குளிர் எங்கயும் போகாதுன்னு. இப்ப மட்டும் எப்படிப் போகுதாம்?"

நல்ல அடி. முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில், இயற்பியல் ஆசிரியர் ஒருவரை அவருடைய பாடத்திலேயே மடக்குகிற வாய்ப்பு அவளுக்கு நாலைந்து முறைதான் வந்திருக்கும். பதிலுக்குக் காத்திருந்தாள். எதற்கும் பதில் சொல்லாமல் விடுகிற ஆள் அல்ல அவர். பதில் இல்லாவிட்டால் கேள்வியைத் திருத்திக் கொடுப்பார். பின்னால் காற்று மெஷின் கிணுகிணுத்து ஓய்ந்தது. யோசிக்கிறார் என்று நினைத்தாள். வாயடைத்துவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையோடு எவ்வளவு நேரம் விசிறிக்கொண்டிருந்தாள் என்பதை அவளால் பிறகு எத்தனை முறை யோசித்தும் சொல்ல முடியவில்லை. ஒரு நிமிடம் இருக்கலாம். இரண்டும் இருக்கலாம். திரும்பிப் பார்த்தபோது அவர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காற்றுக் குழாயின் நுனி இன்னும் கையில் இருந்தது.

இரண்டு நிமிடம் முன்னால் பார்த்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்றார் மருத்துவர். மருத்துவர்கள் நல்லவர்கள்.

செய்தி கேட்டு வந்தவர்கள் எல்லோரும் அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்பது ஒரு மரியாதை போலிருக்கிறது. அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அதை முதலில் கையில் எடுத்தவர் நாத்தனார், அவருடைய அக்கா.

"போற நேரத்துலகூட தம்பிக்கு இவ நினைப்புதான். இவளுக்குக் குளிர் போயிடக் கூடாதுன்னு பாத்திருக்கான். யாருக்கு வரும் அந்த மனசு?"

கூடத்தில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நாத்தனார் இதை ஒவ்வொரு வேளைக்கும் வருகிறவர்களுக்குச் சொன்னார். சொல்லச் சொல்ல மெருகேறியது. அடுத்த வாரம், கணவருடைய பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் வந்தார். எதையும் ஒரு படி உயரத்தில் தூக்கி வைத்துப் பார்க்கிறவர்.

"கதவைச் சாத்துன்னாரா?" என்று கண்ணை மூடிக்கொண்டார். "அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"கார்க் கதவை, சார்," என்றாள் அவள்.

"உங்களுக்கு அது கார்க் கதவும்மா," என்றார் தலைமையாசிரியர், மிகுந்த பரிவோடு.

போவதற்கு அங்கே குளிர் என்று ஒன்று இருந்ததே இல்லை, மூன்று வருடமாக என் பக்கம் அனல்தான் வந்தது என்று அவளுக்குத் தொண்டை வரை வந்தது. துக்க வீட்டில் ஏசி ரிப்பேர் பற்றிப் பேசினால் மனம் பேதலித்துவிட்டது என்பார்கள். காபியோடு சேர்த்து விழுங்கிக்கொண்டாள்.

கார் வாங்கிய அன்று அவர் அதன் ஏசியைத்தான் முதலில் காட்டினார். ஓட்டுகிறவர் பக்கம் தனிக் குமிழ், பக்கத்தில் உட்காருகிறவர் பக்கம் தனிக் குமிழ். "உனக்கு வேணுங்கிற குளிர் உனக்கு, எனக்கு வேணுங்கிறது எனக்கு. இனிமே வண்டியில சண்டையே வராது," என்றார். சில வருடங்கள் வரவும் இல்லை. பிறகு அவள் பக்கத்துக் காற்று வெதுவெதுப்பாயிற்று. வெதுவெதுப்பு சூடாயிற்று. கடைசி மூன்று வருடங்களில், குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் தலை துவட்டப் போதுமான அனல் வந்தது.

"இங்க சுடுதுங்க," என்பாள்.

"எனக்கு நல்லாத்தானே இருக்கு," என்பார்.

கார் ஓட்டுகிறவர் அவர். ஆகவே எது நன்றாக இருக்கிறது என்று தீர்மானிக்கிறவரும் அவரே. நாத்தனாருக்கு விஷயம் போனது. "அந்த வயசுல அப்படித்தான் இருக்கும்மா, உடம்பே காங்கை எடுக்கும்," என்று தீர்ப்பு வந்தது. இரண்டு மருத்துவர்களிடம் இரத்தம் கொடுத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருப்பதுதான் கவலையாக இருக்கிறது என்றார் நாத்தனார்.

அவள் சாதாரண ஆளும் அல்ல. அரசு மருந்துக் கிடங்கில் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளுக்குப் பொறுப்பாளர். காலையும் மாலையும் பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் இருபத்தாறு வருடமாக அவள் வேலை. அவள் எழுதுகிற எண்ணை நம்பி மாவட்டம் முழுக்கக் குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கிடங்கின் தெர்மாமீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, தன் பக்கத்துக் காற்றுத் திறப்பில் செருகினாள். நாற்பத்தாறு காட்டியது.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது மருந்துக்கான தெர்மாமீட்டர். ஆடுற வண்டியில சரியாக் காட்டாது."

"ஆடினா டிகிரி ஏறுமா?"

"அதுக்கு நிறையக் காரணி இருக்கு," என்றார். வகுப்பில் மாணவர்களிடமும் விடை தெரியாத இடத்தில் இப்படித்தான் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். குளிர்பெட்டிக்குள் மேல்தட்டு, நடுத்தட்டு, அடித்தட்டு என்று மூன்று இடத்திலும் அளக்க வேண்டும் என்பது கிடங்கின் விதி. காரில் அவள் ஒரு தட்டைத்தான் அளந்தாள். தெர்மாமீட்டரை எடுத்து அவர் பக்கத்துத் திறப்பில் செருகிப் பார்க்கவே இல்லை. அவர் பக்கமும் இதே அனல்தான், தானே தேர்ந்தெடுத்து வாங்கிய கார் என்பதால் ஒத்துக்கொள்ளக் கௌரவம் இடம் தரவில்லை, வேகிறார் மனுஷர் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். ஆக, அவளும் அவரை நம்பவில்லை.

அவர் போய் இரண்டு மாதம் கழித்து நாத்தனார் பேச்சை எடுத்தார். "நிக்கிற வண்டி துருப்பிடிச்சிடும். ஏசியும் வேலை செய்யலைன்னு நீயே சொல்ற. தள்ளிவிட்டுடு."

"உங்க தம்பி ஏசி நல்லா இருக்குன்னுதானே சொன்னாரு, அண்ணி?"

"அவன் ஆயிரம் சொல்வான்."

மூன்று வருடம் கழித்து நாத்தனார் கட்சி மாறியதைக் குறித்துக்கொண்டு, அவள் சாவியை எடுத்தாள். இருபது வருடமாகப் பையில் இருக்கும் லைசென்சை அதுவரை அடையாள அட்டையாக மட்டுமே நீட்டியிருக்கிறாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்து, பக்கத்துத் தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மூன்றாவது சுற்றில் துணிந்து ஏசியைப் போட்டாள்.

முதலில் விரல் முட்டிகளுக்குத் தெரிந்தது. பிறகு மணிக்கட்டுக்கு. பிறகு கழுத்தடியில் ஒரு சில்லிப்பு இறங்கி ரவிக்கைக்குள் போனது. வீட்டுத் தெருவுக்குத் திரும்பி அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். இறங்கிச் சுற்றிவந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அனல். மறுபடி இறங்கி ஓட்டுநர் இருக்கை. குளிர். மறுபடி இந்தப் பக்கம். அனல். எதிர்வீட்டு வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியோடு நிமிர்ந்தார்.

"என்னம்மா, யாரையாவது தேடுறீங்களா?"

"இல்லைங்க," என்றாள். பதில் சரிதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

நான்காவது முறை ஓட்டுநர் இருக்கையில் இருந்து வெயிலில் இறங்கியபோது மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து தெரு மறைந்துபோனது. அவள் அப்படியே நின்றாள். காரிலிருந்து இறங்கியதும் அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். பொறுமையாக, இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மாட்டிக்கொள்வார். அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தாள். இந்த மூன்று வருடத்தில் அவளுடைய கண்ணாடி ஒரு நாளும் ஆவி பிடித்ததில்லை.

அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. துக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. இரண்டு மாதத்தில் முதல் முறையாக அவளுக்குக் கோபம் வந்திருந்தது. மூன்று வருடம் ஒரே காரில், ஒரு முழத் தூரத்தில், ஒருவர் குளிர்ப் பிரதேசத்திலும் ஒருவர் அடுப்படியிலும் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். கையை நீட்டி அவள் பக்கத்துக் காற்றைத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு தடவையாவது தொட்டாரா? தொட்டும் பேசாமல் இருந்தாரா? இல்லை, அவள் சொன்னதைத் தொட்டுப் பார்க்கக்கூட லாயக்கில்லாத பேச்சு என்று நினைத்தாரா? என்னை ஒரே ஒரு நாளாவது நம்பினாரா மனுஷன்? இதற்கு மட்டும் விடை வேண்டியிருந்தது. கேட்க வேண்டிய ஆளோ சுவரில் சட்டத்துக்குள் இருந்தார். காரைக் கேட்பதைத் தவிர வழி இல்லை.

அவர் வழக்கமாகப் போகிற கடைக்கு முதலில் போனாள். அங்கே இருந்த மெக்கானிக்குக்குக் கேஸ் டாக்டர் என்று பெயர். வருகிற வண்டி எதுவானாலும் அதற்கு ஒரே ஊசி: குளிர் வாயு.

"சார் வண்டியா? நல்லாத் தெரியும்மா. ரெண்டு மாசத்துக்கு ஒருக்க வருவாரு. கேஸ் பாக்கச் சொல்வாரு. போட்டு அனுப்புவேன்."

"என்ன குறைன்னு சொல்வாரு?"

"குறையா?" கேஸ் டாக்டர் யோசித்தார். "நான் கேக்கமாட்டேனேம்மா. கேஸ் போட்டா எல்லாம் சரியாயிடும்ல."

ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, எதிரில் இருந்த திறப்பில் கையை வைத்தார். "ஐஸ்," என்றார்.

"அந்தப் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க."

"எல்லாம் ஒரே ஏசிதான்மா."

"சும்மா உட்கார்ந்து பாருங்க."

"அங்க உட்கார்ந்தா சுவிட்ச் எட்டாதும்மா," என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலிருந்தே உடம்பை வளைத்து ஒரு விரலை நீட்டினார். "காத்து வருதே."

"காத்து வருது. குளிர் வருதா?"

"காத்து வந்தாச்சுன்னா குளிர் தானா வந்துடும்மா. கேஸ் கொஞ்சம் போட்டுடவா?"

அடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டர். கண்ணாடி அறை, காபி மெஷின், டை கட்டிய இளைஞர். காருக்குள் ஒரு கம்பியைச் செருகி, கையிலிருந்த பலகைத் திரையைப் பார்த்துச் சொன்னார்: "சிஸ்டத்துல எந்த எரரும் இல்ல மேடம்."

"சிஸ்டத்தை விடுங்க தம்பி. இந்தப் பக்கம் உட்கார்ந்து பாருங்க."

"டெஸ்டிங் புரொசீஜர்படி டிரைவர் சீட்லதான் மேடம் உட்காரணும்."

"பக்கத்துல உட்கார்றவங்களுக்கு என்ன புரொசீஜர்?"

இளைஞர் திரையில் தேடினார். அதில் அப்படி ஒரு பக்கம் இல்லை. கடைசியில், காரை வெயிலில் நிறுத்த வேண்டாம் என்ற ஆலோசனையும், எலுமிச்சை வாசனை வில்லை ஒன்றும் கொடுத்தார். வேலைச் சீட்டில் குறை என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: வாடிக்கையாளர் வெப்பமாக உணர்கிறார். தீர்வு என்ற கட்டத்தில்: விளக்கப்பட்டது.

மூன்றாவது ஆள் பேட்டரிக் கடைச் சந்துக்குள் ஒற்றைக் கொட்டகையில் இருந்த எலக்ட்ரிஷன். பீப்பாய் என்றால்தான் தெரியும். அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாத உடம்பு. வயிறு ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவே நுழையாது என்பதால், எந்த வண்டியையும் அவர் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துதான் பார்ப்பார். அவளிடம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இன்ஜினைப் போடச் சொல்லிவிட்டு, கார் ஒரு பக்கம் சாய, பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஏசியைப் போட்டாள்.

பத்து விநாடி ஆனது.

"என்னம்மா இது, இந்தப் பக்கம் அடுப்பு எரியுது," என்றார் பீப்பாய்.

அவள் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தேட ஆரம்பித்தாள்.

"ஏம்மா, சூடு கண்ணைக் கரிக்குதா?"

"ஆமா," என்றாள். "மூணு வருஷமா."

பீப்பாய் மிச்ச நேரத்தை இன்ஜினுக்கு முன்னால் செலவிட்டார். அளவுக்கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸை யாரோ பந்திக்கு ஊத்துற மாதிரி ஊத்தியிருக்கான்," என்று முணுமுணுத்தார். கேஸ் டாக்டரின் ஊசிகளில் பாதியைக் கருவிக்குள் இழுத்து இறக்கினார். பிறகு ஒரு ரப்பர் குழாயைக் காட்டினார்.

"இதுல இன்ஜின்ல இருந்து சுடுதண்ணி போகுது. குளிர்காலத்துக்கு ஹீட்டர் வேணும்ல, அதுக்கு. டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஒரு பொட்டி. அதுக்குள்ள குளிர் தர்ற ரேடியேட்டரும் இருக்கு, சூடு தர்ற ரேடியேட்டரும் இருக்கு, மாமியார் மருமக மாதிரி. நடுவுல ஒரு கதவு. அது எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கத்துக் காத்துதான் வெளிய வரும். உங்க வண்டியில ஆளுக்கொரு கதவு. இப்பப் பாருங்க."

இடுக்கி ஒன்றால் குழாயை அழுத்திப் பிடித்து சுடுதண்ணீரை நிறுத்தினார். ஐந்து நிமிடம் போனது. "உட்கார்ந்து பாருங்கம்மா."

அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். காற்று மெல்ல மெல்ல ஆறியது, பிறகு குளிர்ந்தது. மூன்று வருடம் உட்கார்ந்திருந்த இடத்தில் முதல் முறையாக அவள் புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள்.

"புரிஞ்சுதா? ஏசி பாவம் ஒழுங்கா வேலை செய்யுது. அது குளிர வைக்க வைக்க, உங்க பக்கத்துக் கதவு அத்தனையையும் ஹீட்டருக்குள்ள தள்ளிச் சுட வச்சு அனுப்புது. ஏன் அந்தப் பக்கமே சாஞ்சு நிக்குதுன்னு பாக்கணும்."

டேஷ்போர்டின் முன்பெட்டியைக் கழற்றி, கைவிளக்கோடு தலையை உள்ளே நுழைத்தார். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சிரிப்பு கேட்டது.

"அம்மா, துணி காயப்போடுற கிளிப்பு ஒண்ணு இருக்கு."

"எங்க?"

"இங்கதான். கதவை அசைக்கிற மோட்டார்ல பல் உடைஞ்சிருக்கு. எவனோ மோட்டாரைக் கழட்டி விட்டுட்டு, கதவோட நெம்புகோலைக் கிளிப்பு போட்டுக் கவ்வ வச்சிருக்கான். யோசனை நல்ல யோசனைதான். நிரந்தரமாக் குளிர் பக்கம் நிறுத்திடலாம்னு பாத்திருக்கான். ஆனா சூட்டுப் பக்கம் நிறுத்திட்டான். அதான் சிஸ்டத்துலயும் தெரியலை. மோட்டார் சும்மா சுத்திக்கிட்டு இருக்கு."

"எப்படி மாத்திப் போடுவாங்க?"

"காலை சீட்டு மேல போட்டு, தலையைக் கீழ விட்டு, மல்லாந்து தொங்கினாத்தான் இது தெரியும். தலைகீழாப் பாத்தா மேல கீழயாயிடும், கீழ மேலயாயிடும். நானே ரெண்டு தடவை பண்ணிருக்கேன். ஆனா போட்டுட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாப்பேன். இவன் பாக்கலை போல. எந்த மடையன்கிட்ட விட்டீங்க?"

அவர் கையை நீட்டினார். மஞ்சள் கிளிப். அவள் கொடியில் இருக்கிற பன்னிரண்டு நிறக் கிளிப்புகளில் மஞ்சள் ஒன்று குறைவு என்பது அவளுக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது. நழுவாமல் இருக்க, கிளிப்பைச் சுற்றி வெள்ளை மருத்துவப் பிளாஸ்திரி இரண்டு சுற்று ஒட்டியிருந்தது. பிளாஸ்திரியின் நுனி உள்பக்கமாக ஒரு அங்குலம் மடிக்கப்பட்டிருந்தது.

வீட்டில் எந்த டேப்பை எடுத்தாலும் அதன் நுனி அப்படித்தான் மடிந்திருக்கும். அடுத்தவன் நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பார் கணவர். அவளுக்குத் தெரிந்து உலகத்தில் வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை.

அப்போதுதான் மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. மத்தியானம் முழுக்க ஆளைக் காணோம். நாலு மணிக்கு முதுகெல்லாம் தூசியும் நெற்றியில் ஒரு சிராய்ப்புமாக வந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, சும்மா ஒரு சுத்து போயிட்டு வரலாம்," என்றார். அவர் சும்மா எங்கும் போகிற ஆள் இல்லை. காரில் ஏறிய நிமிடத்திலிருந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். "எது?" என்றாள். "பொதுவா," என்றார். மேம்பாலம் ஏறியதும் மறுபடி கேட்டார்: "இப்ப எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? என்னைக்கும் இல்லாத திருநாளா இன்னைக்குக் கொதிக்குது. என்னத்தைப் பண்ணித் தொலைச்சீங்க?"

அவர் அதற்குப் பிறகு வீடு வரும்வரை பேசவில்லை. அன்று இரவும், மறுநாள் காலையும். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். எதற்கு இந்தக் கோபம் என்று அவளுக்குப் புரியவில்லை. அவர் சொல்லவும் இல்லை. அதற்கு அடுத்த வாரம்தான் முதல் முறையாக, "உடம்பை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டேன்," என்றார்.

தன் கையால் சரிசெய்தது. தன் இருக்கையில் உட்கார்ந்து சோதித்தது. குளிர்ந்தது. அப்புறம் பக்கத்தில் இருப்பவள் கொதிக்கிறது என்றால், கோளாறு காரிலா இருக்க முடியும்?

"ஏங்க," என்றாள். பீப்பாய் நிமிர்ந்தார். "இதைப் பண்ணினவரு... இந்தப் பக்கம் சூடா இருக்குன்னு நம்பித்தானே பண்ணிருப்பாரு?"

"நம்பாம எவன்மா தலைகீழாத் தொங்குவான்? எனக்குக் கூலி குடுத்தாலே ரெண்டு தடவை யோசிப்பேன். இடுப்பு விட்டுடும்."

"அப்ப, அப்புறம் ஏன் நம்பலை?"

பீப்பாய் கையைத் துடைத்துக்கொண்டே அவளை ஒரு கணம் பார்த்தார். யார் அந்த மடையன் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். குரலை இறக்கிக்கொண்டார்.

"ரிப்பேர் பண்ணினவன் தன் கையைத்தான்மா நம்புவான். வண்டியில வர்றவங்க சொல்றதை நம்பமாட்டான். நானும் அப்படித்தான். வீட்டுல மிக்சியை நான் சரி பண்ணினேன். ஓடலைன்னு பொண்டாட்டி சொல்றா. ஓடுதுன்னு சொல்லிட்டு இருக்கேன்."

"ஓடுதா?"

"இல்லம்மா."

புது மோட்டார் வர நாலு நாள் ஆயிற்று. மாட்டிய பிறகு அவள் கிடங்கின் தெர்மாமீட்டரோடு போனாள். ஓட்டுநர் பக்கம் எட்டு. பக்கத்து இருக்கை எட்டு. பின் இருக்கைக்குப் போகும் நடுத்திறப்பு ஒன்பது. மூன்று இடத்தையும் அளந்தாள். பழக்கதோஷத்தில் ஒரு காகிதத்தில் குறித்துக் கையெழுத்துப் போட்டாள். அதைப் பீப்பாய் தனக்குக் கொடுத்த சான்றிதழ் என்று நினைத்து வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

கிளிப்பிலிருந்து பிளாஸ்திரி ஒரே இழுப்பில் வந்தது. கிளிப்பைக் கழுவிக் கொடியில் மாட்டினாள். மூன்று வருடம் கவ்வியதில் பிடி தளர்ந்திருந்தது. கைக்குட்டை மாதிரி எதற்காவதுதான் ஆகும்.

அடுத்த வாரம் நாத்தனாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. நாத்தனார் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு தெரு தாண்டுவதற்குள் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"என்னம்மா இப்படிக் குளிருது. குறையேன்."

"குறைக்கிற குமிழ் உங்க பக்கமே இருக்கு, அண்ணி."

"உன்னை யாரு சரி பண்ணச் சொன்னா? தம்பி இருந்தப்ப எப்படி அளவா வச்சிருந்தான். எத்தனை தடவை உட்கார்ந்திருக்கேன், கதகதன்னு எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுமா?"

அவள் பிரேக்கை மிதித்தாள். சிக்னல் சிவப்பாகத்தான் இருந்தது.

"நீங்க இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கீங்களா?"

"அவன் பள்ளிக்கூடத்துக்குப் போறப்ப என்னை டாக்டர்கிட்ட விட்டுட்டுப் போவான்ல. எனக்குத்தான் குளிரே ஆகாதே."

"அப்ப எனக்குச் சூடா இருக்குன்னு சொன்னப்போ..."

"நீ உடம்பு சூடுன்னுதானே சொன்னே?" என்றார் நாத்தனார். "ஏசியைச் சொன்னியா?"

கிளிப்பைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். சொன்னால் சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் போகும். அக்காவுக்குக் குளிர் ஆகாதென்று தம்பி தலைகீழாகத் தொங்கி ஹீட்டர் வைத்தான் என்று ஆகிவிடும். தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொள்வார். அந்த ஒரு மத்தியானத்தை அவள் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. பச்சை விழுந்தது. கியரைப் போட்டாள்.

இப்போது அவள் தினமும் கிடங்குக்குக் காரில்தான் போகிறாள். நன்றாகவே ஓட்டுகிறாள் என்று எதிர்வீட்டில் பைக் துடைக்கிறவர்கூட ஒத்துக்கொள்கிறார். ஆனால் காலையில் சாவியும் பையுமாக வாசலில் இறங்கினால், கால் நேராகப் பக்கத்து இருக்கையின் கதவுக்குத்தான் போகிறது. கதவைத் திறந்து, வந்ததற்குப் பையை அங்கே வைத்துவிட்டு, சாத்திவிட்டு, காரின் முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறாள்.